ஒரு சிட்டம் தூரம்

1

மாசி மாதத்தில் இரண்டு நாள் நூல் சந்தை கூட்டுவது என்று முடிவாகிவிட்டது. இடம், கள்ளக்குறிச்சிக்கு வெளியே தெரிந்தவர் ஒருவரின் புளியந்தோப்பு. பருத்தி, கைநூற்பு நூல், சாயம் தோய்த்த சிட்டங்கள், பாய், பனைநார், கயிறு எல்லாம் கடைக்கு வரும். மரத்தடியில் கற்றுக்கொடுக்கும் வகுப்புகள் நடக்கும்.

ஆறு பேர் கூடிப் பேசுகிறோம். பந்தல், தண்ணீர், சாப்பாடு, கழிப்பறை பற்றிய கணக்கெல்லாம் வேறொரு நோட்டில் இருக்கிறது. அந்தக் கணக்கை எழுதி மூடிவைத்த பிறகும் மனத்தில் மீந்து நிற்பதை இதில் எழுதுகிறேன்.

ஒலிபெருக்கி வேண்டாம் என்று சொன்னேன். ஒருவர் ஏன் என்று கேட்டார். ராட்டையின் முனகல் காதில் விழ வேண்டும் என்றேன். அவர் ஒலிபெருக்கி என்று எழுதியிருந்த வரியை அடித்துவிட்டார். சந்தைக்காக எடுத்த முதல் முடிவு ஒரு சத்தத்தை வேண்டாம் என்றது. அது நல்ல தொடக்கமாகப் பட்டது.

2

அம்மாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு தக்களி கிடந்தது. பித்தளை வட்டு, நடுவில் கம்பி, கம்பி நுனியில் சின்னக் கொக்கி. அவள் படித்த நாளில் பள்ளியில் நூற்பும் ஒரு பாடம். 1937இல் வார்தாவில் காந்தி முன்வைத்த ஆதாரக் கல்வியின் ஒரு துளி, எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம்வரை வந்து சேர்ந்திருக்கிறது. கைத்தொழில் வழியாகப் பிள்ளை படிக்க வேண்டும் என்ற எண்ணம் பின்னால் பாடத்திட்டத்திலிருந்து போய்விட்டது. தக்களி பெட்டிக்குள் போய்விட்டது.

அதை எடுத்துத் துடைத்து, பஞ்சுப் பட்டை வாங்கி வந்து, இரவு உட்கார்ந்தேன். ஒரு கை தக்களியைச் சுழற்ற வேண்டும். ஒரு கை பஞ்சை விட்டுக்கொடுக்க வேண்டும். முறுக்கு முந்தினால் நூல் சுருண்டு முடிச்சாகிறது. இழுப்பு முந்தினால் பஞ்சு பிரிந்து தக்களி தரையில் விழுகிறது. ஒரு மணி நேரத்தில் கிடைத்தது என் இரண்டு கை நீளம். அதில் ஏழு இடத்தில் அறுந்து ஒட்டுப் போட்டது தெரிந்தது.

அம்மா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில், "பஞ்ச இழுக்காத. அதுவா வரும், நீ விடு" என்றாள். வேறெதுவும் சொல்லவில்லை. அறுபது வருஷத்துக்கு முன்னால் கற்றது அவள் விரலில் இன்னும் இருக்கிறது.

3

கதர் நூற்பவருக்குக் கூலி நாளுக்கு இவ்வளவு என்று இல்லை. சிட்டத்துக்கு இவ்வளவு என்றுதான். ஒரு சிட்டம் என்பது 1,000 மீட்டர் நூல்.

கதர் கிராமத் தொழில் ஆணையம் சிட்டத்துக்கான கூலியை 2023 ஏப்ரலில் 7 ரூபாய் 50 காசிலிருந்து 10 ரூபாய் ஆக்கியது. 2024இல் காந்தி பிறந்த நாளில் 12 ரூபாய் 50 காசு ஆனது. 2025 ஏப்ரல் முதல் 15 ரூபாய்.

இன்று விடியலில், கைபேசியில் தூரத்தை அளந்துகொண்டே, கோமுகி ஆற்றுப் பக்கமாக 1,000 மீட்டர் நடந்தேன். 13 நிமிடம் ஆயிற்று. வழியில் இரண்டு டீக்கடை, ஒரு பிள்ளையார் கோயில், கரும்பு ஏற்றிப்போகும் டிராக்டர், பல் விளக்கிக்கொண்டிருந்த ஒரு தாத்தா. இவ்வளவையும் கடந்து நான் நடந்த நீளத்துக்கு ஒருத்தி விரல் நுனியில் பஞ்சை இழையாக்கியிருக்கிறாள். எட்டுக் கதிர் ஒன்றாகச் சுழலும் அம்பர் ராட்டையில் ஒரு நாளில் பல சிட்டம் வரும் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும், ஒரு சிட்டத்தின் நீளத்தைக் காலால் தெரிந்துகொண்ட பிறகு, 15 ரூபாய் என்ற எண்ணை முன்போலப் படிக்க முடியவில்லை.

சந்தையின் வேலை என்ன என்று ஆறு பேரும் ஆளுக்கொன்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். எனக்கு இன்று ஒரு பதில் கிடைத்தது. விலையைக் கேட்பதற்கு முன்னால் நீளத்தைத் தெரிந்துகொள்ள வைப்பது.

4

1929இல் அகில பாரத நூற்போர் சங்கம் ஒரு பரிசு அறிவித்தது. நல்ல ராட்டை ஒன்றை வடிவமைத்துத் தருபவருக்கு ஒரு லட்சம் ரூபாய். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய தொகை என்று நினைத்துப் பார்க்க வேண்டும். நிபந்தனைகளில் ஒன்று எனக்குப் பிடித்தது: ஒரு பெண் தன் வீட்டில் உட்கார்ந்து எட்டு மணி நேரம் உடம்பு வருந்தாமல் அதை ஓட்டக்கூடியதாக இருக்க வேண்டும். பரிசு யாருக்கும் கிடைக்கவில்லை. பல ஆண்டுகள் கழித்துத் தமிழ்நாட்டைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் பல கதிர்கள் கொண்ட ராட்டையைச் செய்தார். அவர் பெயரின் நடுவிலிருந்து எடுத்துத்தான் அதற்கு அம்பர் என்று பெயர் வந்தது.

இதை எழுதிவைப்பதற்குக் காரணம் உண்டு. வகுப்புக்கு உட்காரும் இடம் பற்றிப் பேசும்போது பிளாஸ்டிக் நாற்காலி வாடகைக்கு மலிவு என்றார்கள். கை வைத்த நாற்காலியில் உட்கார்ந்து தக்களி சுற்ற முடியாது. முழங்கை இடிக்கும். கோரைப் பாயும், முட்டிவலி உள்ளவர்களுக்குக் கை இல்லாத மரமுக்காலியும் வேண்டும் என்று சொன்னேன். செலவு கொஞ்சம் கூடும். உடம்பு வருந்தாமல் என்ற அந்த நிபந்தனையை நாங்களும் மீறக் கூடாது.

5

வகுப்புக்கான தக்களிகளுக்கு மரம் தேடிப் போனோம். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாகை, வேம்பு, மா, தேக்கு எல்லாம் இங்கே கடவுளாகவும் கதவாகவும் மாறுகின்றன. நாங்கள் போன பட்டறையில் நடராசர் ஒருவர் பாதி உருவத்தில் நின்றார். காலடியில் சீவல் குவியல்.

ஆசாரி எங்கள் வரைபடத்தைப் பார்த்துவிட்டு, "இவ்ளோதானாம்மா?" என்று கேட்டார். ஒரு குச்சி, ஒரு வட்டு. அவர் கைக்கு அது வேலையே இல்லை. இருந்தாலும் ஒன்றைக் கடைந்து தரையில் சுழற்றிப் பார்த்தார். ஆடியது. எடுத்து மறுபடியும் கடைந்தார். மறுபடியும் ஆடியது. மூன்றாவது முறை வட்டின் ஓரத்தைக் கொஞ்சம் கனமாக விட்டு நடுவைக் குறைத்தார். இப்போது நெடுநேரம் நின்று சுற்றியது. நாங்கள் எல்லாரும் அது விழும்வரை பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"சாமி செதுக்கறப்ப ஒரு இம்மி பெசகுனா கண்ணுக்குத் தெரியாமப் பூசிடலாம்மா. இது சுத்தறப்பவே காட்டிக் குடுத்துடுது" என்றார். முப்பது தக்களி சொல்லியிருக்கிறோம்.

6

பவணந்தி முனிவர் நன்னூலின் பாயிரத்தில், நூல் எப்படி உருவாகிறது என்பதை நூற்பை வைத்தே விளக்குகிறார். சொல் பஞ்சு. செய்யுள் இழை. கை இருக்கும் இடத்தில் வாய். கதிர் இருக்கும் இடத்தில் மதி. நூற்கும் பெண் இருக்கும் இடத்தில் புலவன்.

பள்ளியில் இதைப் படித்தபோது, புத்தகத்துக்கு ஏன் நூல் என்று பெயர் என்பதற்கான விளக்கமாக மட்டுமே எடுத்துக்கொண்டேன். இப்போது வேறொன்று கண்ணில் படுகிறது. 13ஆம் நூற்றாண்டின் இலக்கண ஆசிரியர் ஒருவர், புலவனின் வேலையை மாணவனுக்குப் புரியவைக்க, மாணவனுக்கு ஏற்கெனவே தெரிந்த ஒருத்தியைக் காட்டுகிறார். அவள் தெரியும் என்பதால்தான் புலவன் புரிகிறான். எல்லா வீட்டிலும் அவள் இருந்திருக்கிறாள். சங்கப் பாடல்களில் இரவில் சிறுவிளக்கின் வெளிச்சத்தில் பருத்தி வேலை பார்க்கும் பெண்ணும் அவள்தான்.

இன்று வகுப்பில் அந்தச் சூத்திரத்தை நடத்தும் ஆசிரியர் முதலில் நூற்பைத் தனியாக விளக்க வேண்டியிருக்கிறது. சந்தைக்குப் பள்ளிப் பிள்ளைகளை அழைக்க இதுவே போதுமான காரணம். தமிழாசிரியர்களுக்குத் தனியாகக் கடிதம் எழுத வேண்டும்.

7

கடைகளின் வரிசை பற்றி நேற்று நீண்ட பேச்சு.

சில வருஷங்களுக்கு முன் வேறோர் ஊரில் ஒரு கண்காட்சிக்குப் போயிருந்தேன். வாசலில் ஆலைத்துணிக் கடைகள். கடைசியில், ஜெனரேட்டருக்குப் பக்கத்தில், ஒரு வயதான நெசவாளர் தம்பதி. சத்தத்தில் அவர்கள் சொல்வது யாருக்கும் கேட்கவில்லை. வருகிறவர்கள் விலையை விரல் காட்டிக் கேட்டு, விரல் காட்டிக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு நாளும் கடை வாடகைக்கே விற்கவில்லை என்று அந்த அம்மா சொன்னார். அவர் முகம் இப்போதும் நினைவில் இருக்கிறது.

அதனால் சில முடிவுகள். செய்கிறவரிடம் கடை வாடகை முன்பணமாக வாங்குவதில்லை. விற்றதில் ஒரு சிறு பங்கு மட்டும். பஸ் செலவும் இரண்டு நாள் சாப்பாடும் நம் பொறுப்பு. கற்றுக்கொடுக்கிறவருக்கு, மூன்று பேர் வந்தாலும் முப்பது பேர் வந்தாலும், அந்த நாளின் சம்பளம் மாறாது. ஒவ்வொரு சிட்டத்திலும் ஒரு சீட்டு: என்ன பஞ்சு, எத்தனையாம் நம்பர் நூல், எந்தச் சாயம், நூற்றவர் பெயர். அவர் பெயர் போட விரும்பினால் மட்டும்.

கடைகளை வெறுமனே வரிசையில் போடாமல், பொருள் பிறக்கும் முறையில் அடுக்கலாம் என்று தோன்றுகிறது. வாசலில் தொட்டியில் பருத்திச் செடி, காயோடும் வெடித்த பஞ்சோடும். அடுத்து கொட்டை நீக்குவது, பஞ்சு கொட்டுவது, பட்டை போடுவது, நூற்பு, சாயம், தறி. அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் ரைன்பெக்கில் ஒவ்வோர் அக்டோபரிலும் நடக்கும் கம்பளித் திருவிழாவில் நூல் கடைகளோடு ஆடுகளும் வந்து நிற்கின்றன. ஸ்காட்லாந்தின் ஷெட்லாந்துத் தீவுகளில் 2010இல் தொடங்கிய கம்பளி வாரத்தில், வருகிறவர்கள் பின்னுகிறவர்களின் ஊருக்கே போய்க் கற்கிறார்கள். நூலுக்கு முன்னால் ஓர் உயிர் இருக்கிறது என்பதை அங்கே மறைப்பதில்லை. சின்னசேலம் பக்கம் பருத்திக் காடு இன்னும் இருக்கிறது. நான்கு செடி கொண்டுவருவது பெரிய காரியம் இல்லை.

தொலைவிலிருந்து இரண்டு பேரையாவது அழைக்க ஆசை. ஒன்று, பத்தமடைப் பாய் பின்னுகிறவர். அங்கே பாவு பருத்தி நூல், ஊடை கோரை. நூலும் புல்லும் ஒரே தறியில் சேர்வதைப் பிள்ளைகள் பார்க்க வேண்டும். இன்னொன்று, தோடர் பூத்தையல் தெரிந்த ஒருவர். துணியில் எதையும் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணியே சிவப்பும் கறுப்புமாகத் தைக்கிறார்கள். 2013இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. எண்ணிக்கை தவறினால் பூ தவறும். அந்தக் கவனத்தைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதே ஒரு வகுப்பு.

8

நேர அட்டவணை. நூற்பு வகுப்பு காலை ஏழு மணிக்கு. எல்லாரும் அவ்வளவு சீக்கிரமா என்றார்கள்.

பருத்தி நூல் ஈரத்தில் வலுப்படும் பொருள். காற்று காய்ந்தால் நூலும் காய்ந்து படக்கென்று அறும். குழித்தறியில் கால் வைக்கும் பள்ளத்தின் மண் ஈரம் பாவுக்கு உதவியது என்று நெசவாளர்கள் சொல்வார்கள். மாசியில் காலையில் கொஞ்சம் பனி இருக்கும். பத்து மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும். புதிதாகக் கற்கிறவருக்கு எதுவும் எளிதாக இருக்கப் போவதில்லை. காற்றாவது அவர் பக்கம் இருக்கட்டும்.

ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர். அதற்கு மேல் போனால் ஒரு ஜோடிக் கண்ணால் இருபத்துநாலு கைகளுக்கு மேல் பார்க்க வேண்டிவரும்.

வெயில் நேரத்தில் சாயம். அதற்குத் தண்ணீர் வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று யோசிக்கும்போதே, அது எங்கே போய்ச் சேரும் என்ற கேள்வியும் வந்தது. சாயக்கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நடந்தது தெரியும். திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச்சொல்லி 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் தெரியும். எங்களுடையது நான்கு அண்டா, அதுவும் கடுக்காயும் படிகாரமும் அவுரியும். சின்னது என்பதால் கவனமின்றி இருக்கலாம் என்று ஆகாது. தோப்பின் மேட்டுப் பக்கம் குழி வெட்டி, மணலும் கரியும் போட்டு, அங்கேயே இறங்கவிட வேண்டும். கோமுகிக்கு ஒரு சொட்டும் போகக் கூடாது.

9

வீட்டுத் திண்ணையில் ஒரு ஒத்திகை வகுப்பு. ஒன்பது பேர் வந்தார்கள். ஆசாரி கொடுத்த முதல் தவணைத் தக்களிகள்.

முதல் அரை மணி நேரம் ஒரே சிரிப்பு. தக்களி விழுந்துகொண்டே இருந்தது. அப்புறம் சிரிப்பு நின்றது. எரிச்சல் வந்தது. ஒருவர் எழுந்து போய் நிலைப்படியில் சாய்ந்துகொண்டு கைபேசியைப் பார்த்தார். பிறகு எப்போது என்று சொல்ல முடியாத ஒரு கணத்தில் திண்ணை அமைதியானது. ஒன்பது பேரும் தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து போனவரும் திரும்பி வந்து உட்கார்ந்திருந்தார். அந்த அமைதியை நான் எந்தக் கோயிலிலும் இவ்வளவு பக்கத்தில் உணர்ந்ததில்லை.

எங்கள் தெருவில் தைக்கும் அக்காவும் வந்திருந்தார். கடைசியில் தான் நூற்ற முழ நீளத்தைச் சுண்டு விரலில் சுற்றிக்கொண்டு சொன்னார்: "நாப்பது வருசமா நூலு வாங்கறேன். ஒரு கண்டு என்ன வெலன்னுதான் கேட்டிருக்கேன். எப்படி வருதுன்னு ஒரு நாளும் கேக்கல."

அவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போனார். அறுந்துவிடும் என்று தெரிந்தும் கையிலிருந்து கழற்றவில்லை.

10

கடுக்காய்க்காகக் கல்வராயன் மலைக்குப் போனேன். கடைவீதியில் நாட்டு மருந்துக் கடையிலேயே கிடைக்கும். ஆனால் அது எந்த மரத்திலிருந்து, யார் கையால் வந்தது என்று சீட்டில் எழுத முடியாது.

கடுக்காயின் துவர்ப்புத்தான் பருத்தியில் சாயத்தைப் பிடித்து நிறுத்துகிறது. வெறும் பருத்தி சாயத்தை எளிதில் ஏற்காது. கடுக்காய் நீரில் ஊறிய பிறகு படிகாரம் சேர்ந்தால் மஞ்சள். இரும்புத் துருநீர் சேர்ந்தால் கறுப்பு. ஒரே காயிலிருந்து இரண்டு நிறம்.

அந்தக் காய்க்கு இன்னொரு பாதையும் உண்டு என்பதைக் கள்ளக்குறிச்சிக்காரர்கள் யாரும் மறந்துவிட முடியாது. வெல்லத்தோடு கடுக்காயும் போட்டுத்தான் மலையில் சாராய ஊறல் போடுகிறார்கள். ஊறல் அழித்த செய்தி ஒவ்வொன்றிலும் அந்தப் பெயர் வரும். காய்ச்சுகிறவர் சிலர். கெட்ட பெயர் மலை முழுவதற்கும். 2024 ஜூனில் எங்கள் ஊரின் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்த வாரம் எங்கள் ஊரில் பாடை கட்டும் சத்தம் ஓயவில்லை. வெளியூரில் கள்ளக்குறிச்சி என்று சொன்னால் இப்போதும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். ஒரு நூல் சந்தை அந்த இழப்பை ஈடுசெய்யும் என்று எழுத எனக்கு வாய் வராது. இந்த ஊரின் பெயரோடு இன்னொரு வாசனையும் சேரட்டும் என்ற ஆசை மட்டும் இருக்கிறது.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு வீட்டு வாசலில் ஆயா ஒருவர் கடுக்காயைக் காயவைத்துக்கொண்டிருந்தார். கேட்டதும் நிமிர்ந்து பார்த்தார்.

"யாருக்கு? வைத்தியனுக்கா, சாராயக்காரனுக்கா?"

"துணிக்கு ஆயா. சாயம் ஏத்த."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு தன் உள்ளங்கையைக் காட்டினார். ரேகைகள் கறுத்திருந்தன. "அருவா புடிச்ச கையில கடுக்காத் தண்ணி பட்டா இப்படி ஆவும் கண்ணு. நாலு நாளு தேச்சாலும் போவாது."

இரும்பும் துவர்ப்பும் சேர்ந்தால் கறுப்பு என்று நான் புத்தகத்தில் படித்ததை அவர் கையில் வைத்திருந்தார். சந்தைக்கு வந்து இதையே எல்லாருக்கும் காட்ட முடியுமா என்று கேட்டேன். ஒரு நாள் சம்பளம் தருவோம், எவ்வளவு என்று நீங்கள் சொல்லுங்கள் என்றேன். தொகையை நான் முதலில் சொல்லக் கூடாது என்று வழியிலேயே தீர்மானித்திருந்தேன். ஜாகீர்தார்களின் கீழ் இருந்த இந்த மலை 1976இல்தான் அரசின் நேரடி நிர்வாகத்துக்கு வந்தது. ஆயாவின் இளமை அந்தக் காலத்தில் கழிந்திருக்கும். தன் கைவேலைக்கு என்ன விலை என்று அவரிடம் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

"இத சொல்றதுக்குக் காசா?" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு, "ரோசன பண்ணிச் சொல்றேன்" என்றார்.

அந்தப் பதில் எனக்கு நிறைவாக இருந்தது. அவசரப்படுத்தவில்லை.

11

ஐந்து கிலோ கடுக்காய் மடியில். கச்சிராயபாளையம் வழியாக இறங்கும் பேருந்து. வளைவுகளில் வண்டி சாயும்போது பைக்குள் காய்கள் உருண்டு ஒன்றோடொன்று மோதும் சத்தம்.

சாலையோரத்தில் கிலோமீட்டர் கல் ஒன்று கடந்து போனது. ஒரு சிட்டம் என்று நினைத்துக்கொண்டேன். 15 ரூபாய். அடுத்த கல் வரும்வரை ஜன்னலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. ஒரு மரவள்ளிக் கொல்லை, ஒரு சாமைக் காடு, மூங்கில் புதர், தலையில் விறகோடு இரண்டு பெண்கள், இறங்கிவரும் ஓடை. இந்த மரவள்ளியின் கிழங்கிலிருந்து எடுக்கும் ஸ்டார்ச்தான் ஆலைகளில் பாவு நூலுக்குப் பசையாகவும் போகிறது. அடுத்த கல். 30 ரூபாய்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பள்ளிக்கூடப் பெண் பிள்ளை, "என்னக்கா எண்றீங்க?" என்று கேட்டாள். உதடு அசைந்திருக்க வேண்டும். சொன்னேன். அவள் என்னை நம்பாமல் பார்த்தாள். பிறகு அவளும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்றாவது கல்லை அவள்தான் முதலில் பார்த்தாள். "நாப்பத்தஞ்சு" என்றாள் மெல்ல.

மலை முடிந்து சமவெளி வந்தது. கோமுகி அணையின் தண்ணீர் தூரத்தில் தெரிந்தது. இருவரும் பேசாமல் அடுத்த கல்லுக்காகக் காத்திருந்தோம்.